பேண்டேஜ் துணி அடைத்த பியானோ

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் என் தங்கை பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது, கட்டைகளை மூடும் பலகை கீலோடு பெயர்ந்து அவள் கைமேல் விழுந்தது. நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. சபைச் செயலாளர் ஓடி வந்து பலகையைத்தான் பார்த்தார்.

"திறக்கத் தெரியாம திறந்தா இப்படித்தான். இனி இவ வாசிக்க வேண்டாம். கேசட் போட்டுக்குவோம்."

அவள் வாசிக்க ஊரில் வேறு பியானோ கிடையாது.

"நான் சரிபண்ணித் தாரேன் ஐயா. பொறவு அவ வாசிக்கட்டும்" என்றேன்.

"டிப்ளமா படிச்சா ஆசாரி ஆயிருவியாட்டி? சரி, சனிக்கிழமை சாயங்காலம் பாக்கேன். ஆடுச்சுன்னா அவ பெஞ்சுல உக்காந்து பாடட்டும். அம்புட்டுதான்."

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அப்ரண்டிஸ். மறுநாள் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து கீலைக் கழற்றினேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்: மொத்தம் பதினாறு ஸ்க்ரூ. சரியாக இருப்பவை ஐந்து. யாரோ தடித்த ஸ்க்ரூவை முறுக்கி மரத்தைப் பிளந்த இடம் நான்கு. மீதி ஏழு துளைகளில் மரத்தையே காணோம். பசை ஊறிய வெள்ளைத் துணி.

செயலாளர் ஆயுசு முழுக்க பேண்டேஜ் துணி வியாபாரம் செய்தவர். திணித்தது அவர்தான். கேட்டபோது மறைக்கவில்லை.

"எலும்பையே சேத்துப் பிடிக்குது, மரத்தைப் பிடிக்காதா?"

துணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு கவரில் போட்டு வைத்தேன். அதே பேண்டேஜ் நெய்யும் தறிக்கூடத்தில் உடைந்த மர நாடா ஒன்று வாங்கினேன். தறியில் குறுக்கே ஓடி அடிபடுகிற மரம்; இரும்பு மாதிரி இருக்கும். துளைகளைச் சுத்தமாகத் துளைத்து, அந்த மரத்தில் தக்கை சீவினேன். முதல் தக்கையை நார் ஓடும் போக்கிலேயே சீவிவிட்டேன். ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றியது. என் தவறுதான்.

பின்னால் நின்ற செயலாளர் சிரித்தார். "எம்புட்டு பெரிய படிப்பு! துணியே தேவல போலிருக்கே."

நாருக்குக் குறுக்கே புதிதாகச் சீவி, பசை தடவி அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். சனிக்கிழமை சிறு துளை போட்டு, பதினாறையும் கையாலேயே முறுக்கினேன்.

அவர் பலகையைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை.

"உள்ள நம்ம துணி கொஞ்சம் கெடக்கும். அதான் பிடிச்சிருக்கு."

கவரைக் கவிழ்த்து ஏழு துணி உருண்டைகளையும் பியானோ மேல் வரிசையாக வைத்தேன். "எண்ணிக்கோங்க ஐயா."

புறங்கையால் அத்தனையையும் தட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை ஒன்பது விரலால் வாசித்தாள். சபை எழுந்து பாடியது. நான் பாடாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் அவரும் பாடவில்லை. அது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.