முன் இடது டயர்

ஒரு நேர்மையான மனிதனை நான் திருடனாக்கினேன். ஒரே ஒரு டயருக்காக!

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் விருதுநகர் பஜாருக்குள் வந்து என்னைத் தேடப் போவதில்லை என்ற தைரியம்தான்.

பஜாரில் எனக்குத் துவரம்பருப்பு மொத்த வியாபாரம். முப்பத்தைந்து வருஷமாக, மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து நான் சரக்கு எடுத்ததில்லை. மேலே பருப்பு முத்து முத்தாக இருக்கும். குத்தூசியை அடியில் செருகி இழுத்தால் வண்டு விழுந்தது வரும். அதனால் யார் சிரித்துப் பேசினாலும், இவனுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே என் புத்தியாகிவிட்டது. அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு என் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. விற்றுவிடுங்கள் என்றான் மகன். பழைய கார் வாங்குகிறவன் ஏமாற்றுவான். புதுக் கார் விற்கிறவன் அதைவிட ஏமாற்றுவான்! டயரை மட்டும் மாற்றி ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். நான்கும் வழுக்கை விழுந்து, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கிக்கொண்டு போனது.

எந்தக் கடை, எந்த டயர் என்று யோசனை சொன்னது டிரைவர் சங்கரபாண்டி. ஒன்பது வருஷம் எனக்கு வண்டி ஓட்டியவன். என் பார்வை மலிவான டயரின் மேலேயே நிற்பதைக் கண்டு அவன் சொன்னான்:

“வெல பாக்காதீக அண்ணாச்சி. வண்டி பழசுதான், உள்ள உக்கார்றவுக உசுரு பழசா?”

நல்ல வார்த்தைதானே? எனக்கு எப்படிப் பட்டது தெரியுமா? இவனுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் இருக்கிறது என்று பட்டது!

அவன் சொன்ன டயரையே வாங்கினேன். ஆனால் சும்மா வாங்கவில்லை. வெளியூருக்குப் போகும் மூட்டைகளை வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாதென்று, எங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஓர் அடையாளம் வைப்பது எங்கள் கடை வழக்கம். அடி மூலையில் கோணி ஊசியால் மூன்று குறுக்குத் தையல். அந்த ஊசி எப்போதும் என் பையில் இருக்கும். கடையில் புது டயர்களைத் தரையில் கிடத்தியிருந்தபோது, ஒன்றில், மாட்டினால் வண்டியின் அடிப்பக்கம் பார்த்து நிற்கும் உட்புறத்தில், அதே போல மூன்று கோடு கீறினேன். அடுத்ததைத் தொடுவதற்குள் கடைக்காரர் டீயோடு வந்துவிட்டார். கீறிய டயரை முன் இடது பக்கம் மாட்டினார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்றான் சங்கரபாண்டி. போய்வா என்றேன். ஒரு மணி நேர வேலைக்குப் போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தான். ஒரே கூட்டம் என்றான். எனக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது...

மறுநாள் அவன் வருமுன் நானே காரில் ஏறி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். அப்படித் திருப்பினால்தான் முன் டயரின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும். அரை முழம் அரை முழமாக வண்டியை நகர்த்தி, இறங்கி இறங்கிப் பார்த்தேன். இடது டயரில் கீறல் இல்லை! வலது டயரையும் பார்த்தேன். அதிலும் இல்லை!

பின் டயர்கள்? பின் சக்கரம் அப்படித் திரும்பாது. தரையில் மல்லாந்து படுத்தால்தான் அதன் உட்புறத்தைப் பார்க்க முடியும். நான் சலவை வேட்டி கட்டியிருந்தேன். முன்னால் மாட்டிய டயர் பின்னால் எப்படிப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேட்டியில் மண் ஒட்டுமே என்று ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்தேன்... இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அப்போது அப்படியா நினைத்தேன்? என் புது டயரை விற்றுவிட்டு, அதே கம்பெனியின் பழைய டயரை மெருகேற்றி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டால் பொய் சொல்வான். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்! சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

அவன் சண்டை போடவில்லை.

“என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லியாச்சும் அனுப்புங்க அண்ணாச்சி” என்றான்.

“ஒனக்கே தெரியும்லே.”

அவ்வளவுதான் சொன்னேன். அவன் முகம் சட்டென்று கறுத்தது, தலை குனிந்தான். அதைக் கண்டதும், நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னை நானே!

பஜாரில் யாரிடமும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவன் வேலை கேட்டுப் போன இடங்களிலிருந்து எனக்குப் போன் வரும். ஆள் எப்படி என்பார்கள். வேறு ஆளைப் பாருங்களேன் என்பேன். எங்கள் பஜாரில் அது போதும். நான்கு பேருக்கு அப்படிச் சொன்னேன். ஐந்தாவது ஆள் என்னைக் கேட்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அதன் பிறகு டிரைவரே வைக்காமல் நானே ஓட்டினேன். போன வருஷம் மீட்டர் இரண்டரை லட்சத்தை நெருங்கியது. மறுபடி டயர் மாற்ற அதே கடைக்குப் போனேன். இந்த முறை டீ வருவதற்குள் நான்கு புது டயர்களிலும் கீறி முடித்துவிட்டேன். ஊசியைப் பைக்குள் போட்டு நிமிர்ந்தால், கழற்றிய பழைய டயர்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின் சக்கரத்திலிருந்து வந்த ஒன்றின் உட்புறத்தில்... மூன்று கோடு.

முன்னால் இருந்த டயர் பின்னால் எப்படி வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். அலைன்மென்ட் பார்க்கும்போது முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போடுவார்களாம். அப்போதுதான் நான்கும் ஒன்றுபோலத் தேயுமாம். கூட்டமாக இருந்தால் பல டிரைவர்கள் அதற்கு நிற்க மாட்டார்கள், வண்டியைத் தன் வண்டியாக நினைப்பவன்தான் காத்துக் கிடந்து செய்து வாங்குவான் என்றும் சொன்னார்.

மூன்று மணி நேரம்!

அந்த வாரம் முழுக்க, சங்கரபாண்டி இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான் என்றார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்!

சாயங்காலம், வேலை விட்டு வரும் பெண்களுக்காகக் கம்பெனிக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

“வாங்க அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? முட்டிவலி எப்படி இருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. எனக்கே தெரியும். அதுக்கு முந்தின வாரம் மக பரீட்சைக்குப் போக பஸ்ஸு வரலன்னு, ஒங்ககிட்டக் கேக்காம கார எடுத்துட்டு சாத்தூர் வரைக்கும் போய்ட்டேன். மீட்டரப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டீக. தன்னாலதான் அப்பாவுக்கு வேல போச்சுன்னு அந்தப் பிள்ள இன்னமும் சொல்லிச் சொல்லி அழுகுது.”

மூன்று வருஷத்துக்கு மேலாக... ஒரு பெண்பிள்ளை... நான் கீறிய ஒரு கீறலுக்காக!

‘அதற்காக இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை! சொன்னால் அடுத்து, வேறு எதற்காக என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குத் துணிவு இல்லை. என் நாக்கு என்ன செய்தது தெரியுமா?

“சரி, விடுலே. பழசெல்லாம் எதுக்கு.”

மன்னித்தேன்... நான் அவனை மன்னித்தேன்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கே மகளிடம் சொல்லிவிடுகிறேன், அவள் மனசு ஆறும் என்றான்.

பிறகு ஆசையோடு காரைச் சுற்றி வந்தான். புது டயர் போட்டிருப்பதைக் கண்டதும், நான் சொல்லாமலே பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் புழுதியில் மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தான். எவ்வளவு சுலபமாகப் படுத்துவிட்டான்!

“அண்ணாச்சி, இங்கன யாரோ கீறி வெச்சிருக்காக. மூணு கோடு. புது டயர்ல இப்படிச் செய்யலாமா? அந்தக் கடைக்காரர்ட்ட ஒரு வார்த்த கேளுங்க.”

கேட்கிறேன் என்றேன்.

அவன் எழுந்தபோது முதுகெல்லாம் புழுதி. அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். இவுகதான் நான் சொல்வேனே எங்க அண்ணாச்சி, தங்கமான மனுசர் என்று அவர்களிடம் என்னைக் காட்டினான். மருந்துப்பொடி படிந்த கைகளைக் கூப்பி அவர்கள் கும்பிட்டார்கள்.

நானும் கும்பிட்டேன்.