பதினேழாவது அடிக்குறிப்பு

முதல் நிராகரிப்புக் கடிதம் வந்தபோது அவள் அழவில்லை. தான் வேலை பார்க்கும் அச்சகத்திலேயே ஒரு பிரதி எடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினாள். ‘தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்தோம்’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்டிருந்தாள். ‘இது மிகக் கடினமான முடிவு’ என்பதற்குப் பக்கத்தில், ‘யாருக்கு?’ இரண்டாவது கடிதமும் அதே பாட்டுத்தான். மூன்றாவதும் நான்காவதும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இலக்கியத்தில் முனைவர் பட்டம் படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டிருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்று.

அச்சகத்தில் அவளுக்குச் சிவப்புப் பேனா என்றே பெயர். முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், பள்ளிக்கூட ஆண்டறிக்கை, தண்ணீர் மோட்டார் விலைப்பட்டியல், எப்போதாவது ஒரு புத்தகம். அடுத்தவர் தப்பைப் பார்த்தே பிழைக்கிறவளிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேச முடியுமா? அவளுக்கு மன்னிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் கிடையாது.

யாரை மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்கால வகுப்பில் அவள் முதுகலை படித்தபோது வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். நடக்கும்போது நாற்காலியும் கூடவே நடக்கிற மாதிரி ஒரு தோரணை. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவள் அவரை மகாகனம் என்று சொல்வாள். 

அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அவள் அம்மாவைப் பற்றியது. அம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மதிய இடைவேளையில், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில் பெண்கள் பதினோரு பேர் வட்டமாக உட்காருவார்கள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை அம்மா உரக்கப் படிப்பாள். அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. முடிவு பிடிக்கவில்லையென்றால் அம்மா மாற்றிவிடுவாள். அடித்த புருஷனிடமே கதாநாயகி திரும்பிப் போகிறாள் என்று எழுதியிருக்கும். அம்மாவோ பக்கத்தைப் பார்த்தபடி, குரல் கொஞ்சமும் பிசகாமல், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் என்று படிப்பாள். பல வருடம் கழித்து அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி அதே கதையைப் புத்தகமாக வாங்கிப் படித்துவிட்டு, “நீ படிச்ச கதை இதுல எங்கடி?” என்று வீட்டுக்கே சண்டைக்கு வந்தாள்.

இதையெல்லாம் அம்மாவைச் சமையலறையில் உட்காரவைத்து, மூன்று மணி நேரம் பேசவிட்டு, ஒலிப்பதிவு செய்து எழுதினாள். மகாகனம் அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வெறும் வீட்டுக்கதையா இருக்கேம்மா. ஆய்வு எங்க?” என்றார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஆய்விதழ் அச்சாவதற்காக இவள் வேலை பார்க்கும் அச்சகத்துக்கே வந்தது. காலை பதினொரு மணிக்கு, டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ப்ரூஃபை எடுத்தாள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவளுடைய அத்தியாயம். மேலே மகாகனத்தின் பெயர்.

வரிக்கு வரி அப்படியே இருந்தது. அடிக்குறிப்புகளைக்கூட விடவில்லை அந்த மனுஷன். பதினேழாவது அடிக்குறிப்பு இப்படிச் சொன்னது: ‘பெயர் வெளியிட விரும்பாத சலவைத் தொழிலாளியுடன், அவரது இல்லத்தில், ஆய்வாளர் நேரில் நடத்திய மூன்று மணி நேர உரையாடல்.’ ஆய்வுக் கட்டுரையில் யாரும் ‘நான்’ என்று எழுதுவதில்லை. எல்லாரும் தன்னை ‘ஆய்வாளர்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சம்பிரதாயம் அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒரு சொல்லை மாற்றும் சிரமம்கூட வைக்கவில்லை. அந்த வீட்டு வாசற்படி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவர், மூன்று மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பேசியதாக அச்சில் ஏறிவிட்டார். வயிறு எரியாதா?

அச்சக முதலாளியிடம் சொன்னாள். “நமக்கெதுக்கும்மா வம்பு? வர்றதை அடிச்சுக் குடுக்கறதுதான் நம்ம வேலை” என்றார். மகாகனத்தின் துறைத்தலைவரிடம் போனாள். “ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரக்கூடாதாம்மா?” என்று பூசி மெழுகினார். புகார்க் கடிதத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். அது அங்கேயே செத்துப்போயிற்று. இரண்டு வருடம் அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாவது பல்கலைக்கழகம்தான் அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்த இடம். கதை எழுதியவர்களை விட்டுவிட்டு அதைப் படித்த வாசகர்களை ஆராயும் பிரிவு அங்கே மட்டும்தான் இருந்தது. அவர்களுடைய விதிமுறையை ப்ரூஃப் பார்ப்பதுபோல் விரல் வைத்துப் படித்தாள். எழுத்து மாதிரிகளெல்லாம் கருத்துத் திருட்டுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படும் என்றும், சந்தேகம் வந்தால் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும் என்றும் போட்டிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. மற்ற நான்கு இடங்களுக்கும் புதிதாக ஒரு கட்டுரை அனுப்பியவள், ஐந்தாவதற்கு மட்டும் அந்த மூன்றாவது அத்தியாயத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அனுப்பினாள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது.

“அறிவிருக்கா உனக்கு? திருடின்னு உன்னையேதானே சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். நான் புகார் குடுத்தா ஒருத்தனும் காதுல வாங்கல. என் மேல புகார் வந்தா விசாரிச்சுத்தானே ஆகணும்?”

“உனக்குப் படிக்க இடம் வேணுமா, அந்தாள் தலை வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் போச்சுன்னா?”

அவள் தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தாள்.

அவள் எதிர்பார்த்தபடியே கடிதம் வந்தது. ‘தாங்கள் அனுப்பிய கட்டுரை ஏற்கெனவே வெளியான ஒன்றுடன் முழுமையாக ஒத்துப்போகிறது. பத்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ புதையல்போல் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் வெளியே எடுத்தாள். தேதி முத்திரை குத்திய ஆய்வேடு, அம்மாவின் குரல் பதிவு, செத்துப்போன புகாரின் நகல். பதிவில் அம்மா பேசுவதோடு குக்கர் விசில் நாலு தரம் கேட்கும். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

அது காத்திருப்பா? தண்டனை. மெயில் சத்தம் கேட்டால் போனைப் பாய்ந்து எடுப்பாள், பார்த்தால் செருப்பு விளம்பரம். ஒரு மருந்துத் தாளில் ‘ஒரு வேளை’ என்பது ‘ஒன்பது வேளை’ என்றிருந்ததைத் திருத்தாமல் விட்டுவிட்டாள். நல்லவேளை, முதலாளி கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவள் விட்ட முதல் தப்பு. “இதுவும் அந்தாள் கணக்குலதான்” என்று அம்மாவிடம் சொல்லிப் பல்லைக் கடித்தாள்.

இருபத்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பதில் வந்தது. அவளுக்குத் திறக்கத் தைரியம் இல்லை. போனை அம்மாவிடம் நீட்டினாள். “நீ படிம்மா.”

அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். “தங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது. கட்டுரை தங்களுடையதே என்று குழு முடிவு செய்துள்ளது. முனைவர் பட்டப் படிப்பில் தங்களுக்கு இடம் வழங்குவதில் மகிழ்ச்சி.”

“ம்” என்றாள் மகள். “அப்புறம்?”

அம்மா ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தபடி தொடர்ந்தாள். “மேற்படி பேராசிரியர் உடனடியாகப் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அவர் தங்களிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பார்.”

அவள் மேசையை ஓங்கித் தட்டினாள், சிரித்தாள், அழுதாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். அம்மாவின் பழக்கம் அவளுக்குத் தெரியாததா? அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியவள். ஆனாலும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆற அமர ஒரு தடவை படிக்கலாம் என்று போனை வாங்கியவள் முகம் சுண்டிப்போயிற்று. இடம் கொடுத்தது உண்மை. அதற்குக் கீழே இருந்தது ஒரே வரி: ‘பிற நிறுவன ஆசிரியர்கள் தொடர்பான விவகாரங்களில் நாங்கள் தலையிடுவதில்லை.’

“அந்தாளைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா!”

“இல்லதான். எழுதினவனுக்குக் கதையை முடிக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றது? இடம் கிடைச்சிருக்குன்னு படிச்சேன், ‘ம்’முங்கற. அவன் போனான்னு படிச்சா குதிக்கற. உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா?” அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “நாளைக்கு லீவு போடு. அந்த ஆளு இருக்கற இடத்தைக் காட்டு. நீ தள்ளி நில்லு, உன்னைப் பாத்தா உஷாராயிடுவான்.”

மறுநாள் மகாகனத்தின் அறை வாசலில் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் கோப்பும் கையுமாக நின்றிருந்தார்கள். அம்மாவும் அவர்களோடு வரிசையில் நின்றாள். மகள் மாடிப்படித் திருப்பத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தது; அங்கிருந்து அவர் முகம் தெரிந்தது. அம்மாவின் முறை வந்தது.

“வணக்கம் சார். சௌக்கியமா இருக்கீங்களா?”

அவர் நிமிர்ந்தார். “யாரும்மா நீங்க? என்ன வேணும்?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? என்னைத் தெரியலையா?”

“இல்லியேம்மா.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க. ரொம்ப நேரம் பேசியிருக்கோம்.”

“உங்களை நான் பாத்ததே இல்லை” என்றார் அவர், பொறுமை இழந்து. “வேற யாரையோ நினைச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.”

அம்மா வாசல் பக்கம் திரும்பினாள். “என்னைப் பாத்ததே இல்லியாம். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா, பிள்ளைங்களா?”

பையிலிருந்து ஆய்விதழை எடுத்தாள். கண்ணாடியை மாட்டினாள். பதினோரு பேருக்குப் படித்துக் காட்டிய அதே குரலில், முதலில் அவர் பெயரையும், பிறகு பதினேழாவது அடிக்குறிப்பையும் படித்தாள். சலவைத் தொழிலாளி, அவரது இல்லம், ஆய்வாளர் நேரில், மூன்று மணி நேரம். வாழ்நாளில் முதல் தடவையாக, பிடிக்காத ஒன்றை ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்து முடித்தாள்.

“அது எங்க வீடு சார். உங்க பதினேழாவது அடிக்குறிப்பு நான்தான்.”

மகாகனத்தின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. மாடிப்படித் திருப்பத்தில் நின்ற மகள் அதை ஆசை தீரப் பார்த்தாள். இரண்டு வருட எரிச்சல் வயிற்றிலிருந்து மெல்ல இறங்கியது.

வரிசையில் அடுத்ததாக நின்ற பெண், அவரிடம் கொடுப்பதற்காகக் கையில் வைத்திருந்த அத்தியாயத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.