துரைக்கு வைத்த சந்தனப் பொட்டு

யாராவது ஆவி, பேய் என்று தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள். அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபிக்க மாட்டேன்.

மகள் துளசிக்குப் படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை அது. நாங்கள் குடியேறிய நகரத்தில், நியூ லின் பகுதியில் இருக்கும் அமெரிக்க மூதாட்டி ஒருவரின் குடும்பப் பத்திரங்களைப் படம் எடுத்து, அடுக்கிப் பொதிசெய்து கொடுக்க வேண்டும். அந்த அம்மாவின் பூட்டனார் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தெற்குப் படையில் சண்டை பிடித்துவிட்டு, பிறகு வாக்குக் கேட்டு அரசியல்வாதி ஆனவராம். கடிதங்கள், மேடைப் பேச்சுகள் என்று ஒரு பெட்டி நிறைய. திங்கட்கிழமை எல்லாம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் பிள்ளையின் வேலை போய்விடும் என்று நான்தான் நித்திரை இல்லாமல் திரிந்தேன்.

எங்கள் வாடகை வீட்டில் பூஞ்சணம் பிடிக்காத ஒரே இடம் சாமித்தட்டு. அந்தப் பெட்டியோடு வந்த, கண்ணாடிச் சட்டம் போட்ட பூட்டனாரின் குடும்பப் படத்தை, எனக்குச் சொல்லாமல், துளசி அங்கே வைத்திருக்கிறாள். அந்த வெள்ளைக்காரருக்கு நான் வைத்த பெயர் துரை. வெள்ளிக்கிழமை காலை முழுகிவிட்டு, மூக்குக்கண்ணாடி போடாமல், வழக்கம்போல எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். பிள்ளையார், முருகன், அம்மன், அடுத்தது துரை!

வேலைக்கு வெளிக்கிட்ட என் கணவர் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னப்பா, அம்மனுக்குப் பக்கத்தில ஆர் இந்த மீசைக்காரன்? உங்கட பக்கத்துச் சொந்தமோ?"

"ஐயோ, பிள்ளையின்ர வேலை போகப்போகுது, நீங்கள் பகிடி விடுறியள்!"

ஈரத்துணியால் துரையின் நெற்றியைத் துடைத்தேன், போய்விட்டது. மத்தியானம், வீட்டில் நான் மட்டும். பார்த்தால் பொட்டு இருக்கிறது. துரைக்கு அல்ல. ஓரத்தில் துரையின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கறுப்பினப் பெண்ணின் நெற்றியில். துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். நம்பினால் நம்புங்கள், பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. சட்டத்தைத் திறந்திருந்தால் பின்பக்கம் ஒட்டியிருந்த பழைய தாள் கிழிந்திருக்க வேண்டும், அது கிழியவே இல்லை.

திங்கட்கிழமை துளசியோடு மன்னிப்புக் கேட்க நானும் போனேன். அந்த அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவள்தான் என் தாத்தாவை வளர்த்தவள். எங்கள் வீட்டில் யாரும் இவளை நின்று பார்த்ததே இல்லை" என்றார் ஆங்கிலத்தில். பிறகு கேக் தந்தார், துளசிக்கு இன்னொரு வேலையும் தந்தார். கார் முழுக்கச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் துளசி கணினியைத் திறந்தாள். சட்டம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த அம்மா வீட்டில் வைத்து அவள் அதை எடுத்திருந்த படம்.

"அம்மா, கம் ஹியர். ப்ளீஸ்."

அதிலும் அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு. பெரிதாக்கினாள். பொட்டின் நடுவே சரிவாக ஒரு மெல்லிய கோடு.

நான் பொட்டு வைக்கிற மோதிர விரலில், முன்பு மீன் வெட்டும்போது பட்ட வெட்டுத் தழும்பின் அச்சு அது. இப்போதும் சந்தனம் தொட்டால் முதலில் அந்த விரலைத்தான் பார்க்கிறேன்.