பெட்டி ஏழு, கோப்பு பன்னிரண்டு

பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்து, கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர் ரெங்கம்மா. அவர் தமிழிலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டு பற்றி எந்த மாநாட்டிலும் கட்டுரை வாசிக்கப்படவில்லை. ஆனால் அவர் பிறந்ததற்கான அத்தாட்சி ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில், பூச்சி அண்டாத உறைக்குள், குளிரூட்டிய அறையில் வைத்துப் பாதுகாக்கப்பட்டது. பிறந்தவர் இருந்த லயத்து வீட்டில் கூரை ஒழுகியது.

அத்தாட்சி அங்கே போய்ச் சேர்ந்த வரலாறு பின்வருமாறு.

எழுபதுகளில் அந்தத் தோட்டத்து மருந்துச்சாலையில் சிவஞானம் என்றொரு யாழ்ப்பாணத்து மருந்துக்காரர் இருந்தார். ஆறு வருடம் இருந்தும் ஒரு வரி எழுதாத அவர், கொழும்புக்கு மாற்றலாகிப் போனதும் மலையக மக்களின் துயரை எழுதத் தொடங்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் துயரம் துலக்கமாகத் தெரியும் போலும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்குக் கூடுவார்கள், கங்காணி என்ன சொல்லித் திட்டுவார், குழந்தை செத்தால் எங்கே புதைப்பார்கள் என்று எல்லாவற்றையும் ரெங்கம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஐந்தாம் வகுப்புவரை படித்த ரெங்கம்மா, கேட்டதற்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். மூன்று நாவல்கள் வந்தன. முன்னுரைகளில் மனைவிக்கும், அச்சகத்தாருக்கும், இரவெல்லாம் காலடியில் படுத்திருந்த நாய்க்கும் நன்றி கூறப்பட்டிருந்தது.

மூன்றாவது நாவலில் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் பிறப்பைப் பதியும் காட்சி வந்தது. எழுத்தாளர் நுணுக்கம் தவறாதவர். உமது பிறப்புப் பத்திரத்தை அனுப்பி வையும், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவன் என்று எழுதினார். ஐயா கேட்டால் கொடுக்காமல் இருப்பதா? ரெங்கம்மா பதிவுத் தபாலில் அனுப்பினார். பிறகு மூன்று முறை அதைக் கேட்டெழுதினார். காவலாய் இருக்கு, யோசியாதையும் என்று மூன்று முறை பதில் வந்தது. 1996இல் எழுத்தாளர் காலமானார். அவருடைய கடிதங்கள், பேட்டி ஒலிநாடாக்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் கனடாவிலிருந்த மகன் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தார். ரெங்கம்மாவின் பிறப்பும் அதற்குள் இருந்தது.

மரணமும் அன்பளிப்பும் ரெங்கம்மாவுக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. தொண்ணூறுகளில் அட்டை இல்லாத தோட்டத்துத் தமிழரைப் பாதுகாப்புப் படையினர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்கு ரெங்கம்மா எளிய வழியொன்று கண்டார்: பஸ்ஸில் ஏறுவதில்லை. சான்றிதழின் பிரதி கேட்டு ஒரு முறை பதிவுக் கந்தோருக்கு மட்டும் போனார். அந்த வருடத்துப் புத்தகம் மழையில் நனைந்து பாழாகிவிட்டதாம். நாற்பத்தைந்தாம் ஆண்டில் அந்தப் பக்கம் யாருமே பிறக்கவில்லை என்று ரெங்கம்மா எடுத்துக்கொண்டார்.

2002 ஜூலையில் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே இருந்தவள் அவருடைய தங்கை செவனம்மா. எழுபத்துநாலில் இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவள். அதன் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. செவனம்மா சொல்ல அவள் மகள் எழுதியிருந்தாள்: சர்க்கரை வியாதியில் கண் போய்க்கொண்டிருக்கிறது, இரண்டு வருடம் தாண்டாது என்கிறார் டாக்டர், கண்ணு இருக்கையிலேயே வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ அக்கா.

போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அதற்கு, பிறந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதமே கேசினி வந்தாள். சிவஞானத்தின் நாவல்களில் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி. ரெங்கம்மாவைப் பேட்டி காண ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவள், வாசலிலேயே மகிழ்ச்சியாகச் சொன்னாள்.

“உங்கட பிறப்புச் சான்றிதழ் எங்கட காப்பகத்தில இருக்கு, அம்மா. நான் கையில எடுத்துப் பார்த்தனான்.”

ரெங்கம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பேட்டி நடக்கவில்லை. பால்மா டின்னிலிருந்த சிவஞானத்தின் அறுபத்தொரு கடிதங்களை மட்டும் காட்டினார். கேசினி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் குறிப்பெடுத்தாள்.

2003 தை மாதம். போர் நிறுத்தத்தால் சோதனைச்சாவடிகள் தளர்ந்திருந்தன. கிராமசேவகரின் கடிதத்தோடு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் ஏறி ரெங்கம்மா பல்கலைக்கழகம் போனார். காப்பகப் பொறுப்பாளர் குமாரசிங்கம் மரியாதை தெரிந்தவர். இருக்கச் சொன்னார். ஒரு படிவமும் கொடுத்தார். ஆவணத்தைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், வாசகர் அட்டைக்குத் தேசிய அடையாள அட்டை இலக்கம் வேண்டும்.

“அந்த அட்டைய எடுக்கத்தாங்க ஐயா இந்தக் காயிதம்.”

“அது விளங்குது அம்மா. ஆனா இலக்கம் இல்லாம பதிய ஏலாது.”

கேசினி கெஞ்சியதில் விதி சற்று வளைந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கையொன்று உறையைத் தூக்கி, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டியது. பெட்டி ஏழு, கோப்பு பன்னிரண்டு. ஆய்வுப் பொருள்: தோட்டப் பிறப்புச் சான்றிதழ், மாதிரி ஒன்று. நிலை: நன்று. கீழே ரெங்கம்மாவின் அப்பாவுடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. ரெங்கம்மா கையை நீட்டினார். உறை பின்வாங்கியது.

கொண்டுபோக முடியாது, அது பல்கலைக்கழகத்தின் உடைமை என்றார் குமாரசிங்கம். அப்படியானால் ஒரு பிரதி? அந்தச் சேகரிப்பின் உரிமை எழுத்தாளரின் மகனுக்கு உரியது, கனடாவில் ரொறன்ரோவுக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். ரெங்கம்மா பிறந்ததைப் பிரதி எடுக்க ரொறன்ரோவின் அனுமதி! குமாரசிங்கம் இதைச் சிரிக்காமல் சொன்னார் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ரெங்கம்மா எழுந்து நின்றார். பிள்ளைமடுவத்தில் ஒரு நாளும் உயராத குரல் அது.

“எங்கப்பன் ரேகை வச்சது எனக்கு ஐயா. ஒங்க பொட்டிக்கு இல்ல. செத்தவரு எழுதுனதெல்லாம் குளுருல பத்திரமா இருக்கு. உசுரோட இருக்கவ பொறக்கலங்கிறீங்க. நான் யாருன்னு இந்தா எழுதியிருக்கு, படிச்சிட்டே என்னைய யாருன்னு கேக்குறீங்க.”

வாசிப்பறையில் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது.

ரெங்கம்மாவின் விண்ணப்பம் காப்பகக் குழுவுக்குப் போனது. குழு மாசியில் கூடவில்லை, தலைவர் வெளிநாடு. ஆனியில் கூடியது, கூட்டம் நடத்தத் தேவையான கோரம் போதவில்லை. கார்த்திகையில் கூடி, உபகுழு அமைத்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றமே ஒரு சட்டம் கொண்டுவந்து மலையகத்தாருக்குக் குடியுரிமை வழங்கியது. நாடாளுமன்றத்துக்கு இருந்த அவசரம் உபகுழுவுக்கு இல்லை. ரொறன்ரோ பதில் எழுதவேயில்லை. கூடலூரிலிருந்து மட்டும் கடிதங்கள் வந்தன. ஒரு கண் மங்கிவிட்டது. பிறகு அந்தக் கண் போய்விட்டது.

2004 ஆடியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அழகான கடிதம் வந்தது. சான்றிதழைப் பற்றி அல்ல. ரெங்கம்மாவிடமுள்ள அறுபத்தொரு கடிதங்களும் தேசியச் செல்வம் என்றும், அவற்றை வருங்காலச் சந்ததியினருக்காக அன்பளிப்புச் செய்யுமாறும் அது வேண்டியது. ரெங்கம்மா பதில் எழுதினார்:

“ஐயா அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் சிவஞானம் ஐயாவின் கடிதம் ஒன்றை எடுத்து அடுப்புப் பற்றவைப்பேன். அடுத்த வெள்ளி இன்னொன்று. என் காகிதம் வந்ததும் நிறுத்திவிடுவேன். எல்லாவற்றையும் கொடுத்துவிடுவேன். இங்கே மழை, விறகெல்லாம் ஈரம். இப்படிக்கு, பெட்டி ஏழு, கோப்பு பன்னிரண்டு.”

யாரும் நம்பவில்லை. மூன்றாம் வெள்ளி கேசினி ஓடி வந்தாள். உண்மையாகவே எரித்தீர்களா என்று கேட்டாள்.

“தேத்தண்ணி குடிங்க மிஸ்,” என்றார் ரெங்கம்மா. “அதுலதான் காச்சினேன்.”

இரண்டாம் நாவலின் முடிவை ஏன் மாற்றினேன் என்று எழுத்தாளர் விளக்கிய ஒரே கடிதம் அந்தத் தேநீரில் போயிருந்தது. கேசினி அழுதாள். ரெங்கம்மா அவளுக்குச் சீனி போதுமா என்று கேட்டார்.

பத்தொன்பது மாதமாக முடிவெடுக்க முடியாத குழு, நான்கு நாளில் அவசரமாகக் கூடியது. கோரம் இருந்தது. தலைவரும் இருந்தார். விதிகளில் இடமிருப்பதும் அன்றுதான் தெரியவந்தது. நாலாவது கடிதம் எரிந்த மறுநாள் பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்தது. மேல் மூலையில் அழியாத ஊதா மையில் காப்பகத்தின் உடைமை முத்திரை இருந்தது. அடையாள அட்டை எடுக்கும் கந்தோரில் அந்த முத்திரைக்கு விளக்கம் சொல்லவே இரண்டு மாதமானது. ரெங்கம்மா சொன்ன சொல் தவறவில்லை. மீதி ஐம்பத்தேழையும் கேசினி கையில் கொடுத்தார். அவை இப்போது குளிர் அறையில் நலமாக இருக்கின்றன.

2005 ஜூனில் திருச்சிக்கு விமானம், அங்கிருந்து பஸ். கூடலூர்த் தோட்டத்தில் செவனம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மிஞ்சியிருந்த கண்ணும் முந்தின அக்டோபரில் போயிருந்தது. எட்டு மாதம். குழு எடுத்துக்கொண்டது பத்தொன்பது. கழித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்பு போதும். ரெங்கம்மா பஸ்ஸில் வரும்போதே கழித்துப் பார்த்திருந்தார்.

செவனம்மா சத்தம் கேட்ட பக்கம் கையை நீட்டி, அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடி நரச்சிருச்சாக்கா?”

“இல்ல,” என்றார் ரெங்கம்மா. முன்பல் இரண்டும் விழுந்த வாயிலிருந்து காற்று வந்தது.

“பல்லு?”

“எல்லாம் இருக்குடி.”

“பொய்யி சொல்ற.”

“நீ கப்பலேறுனப்ப பாத்தியே, அப்படியேதான் இருக்கேன்.”

செவனம்மா சற்று யோசித்தாள். “அந்த மஞ்சச் சேலயா கட்டியிருக்க?”

“ஆமா,” என்றார் ரெங்கம்மா, தன் சாம்பல் நிறச் சேலையின் முந்தானையை அவள் கையில் கொடுத்து.