ராஜபார்ட்டுக்கு ஒரு மாத்தாள்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாத்தாள் உண்டு. காகிதக் குழாய் உருட்டுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னார் உருட்ட வேண்டும், திரி வைக்கிறவள் பிள்ளை பெறப் போனால் இன்னாள் வைக்க வேண்டும் என்று மானேஜர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார். ஆள் வராவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது. பட்டாளத்தில் சாமான் அனுப்பும் பிரிவில் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். தீபாவளி லோடு கிளம்புகிற நாளைக் கரும்பலகையின் கடைசியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலையாக எழுதிக்கொண்டு வருவார். அவர் வந்த பிறகு ஒரு ஆர்டரும் தவறியதில்லை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கரும்பலகையை அவர் கோயில் நாடகத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் என் குடி கெட்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆமத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் கம்பெனியில், பங்குனிப் பொங்கலுக்கு வேலைக்காரர்களே நாடகம் போடுவது வழக்கம். நாடு இழந்து காட்டுக்குப் போகும் ராஜா ராணி கதை. வசனம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பாட்டு. அழுவதும் பாட்டு, சண்டையும் பாட்டு, ராணியிடம் ராஜா குடிக்கத் தண்ணீர் கேட்பதுகூடப் பாட்டு. என் வீட்டுக்காரர் கம்பெனியில் குழாய் உருட்டினார், நான் லேபிள் ஒட்டினேன். சேவகன், மந்திரி, முனிவர் என்று வருஷா வருஷம் வேஷம் கட்டியவருக்கு அந்த வருஷம்தான் முதன்முதலாக ராஜபார்ட் கிடைத்திருந்தது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குக் குனிந்த குடும்பம். அந்தப் புஞ்சைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, தான் கிரீடம் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அந்தப் பங்குனிக்காகத்தான் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் பெரிய ஒத்திகை கிடையாது. சாத்தூரிலிருந்து ஆர்மோனியக்காரர் வந்து ஒன்றிரண்டு தரம் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "மிச்சத்த மேடையில பாத்துக்கிடுவோம்" என்று கிளம்பிவிடுவார். யாருக்காவது தொண்டை கட்டிக்கொண்டால், பெட்டியை வாசித்தபடியே அவரே அந்தப் பாட்டை எடுத்துப் பாடிவிடுவார். மேடையில் நிற்கிறவர் வாயசைத்தால் போதும். சனங்களுக்கும் அது தெரியும், யாரும் குறையாக நினைத்ததில்லை. நாடகம் விடிய விடிய நடக்கும். மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வர மாட்டார்கள்.

மானேஜருக்கு இது பொறுக்கவில்லை. இருட்டி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிற நேரத்துக்குள் நாடகம் முடிய வேண்டும் என்று முதலில் முடிவை எழுதினார். அங்கிருந்து பின்னோக்கி வந்து பாட்டுகளை வெட்டினார். ஒரு அறைக்காரர் இன்னொரு அறை வேலையில் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனியில் விதி. ஒரு இடத்தில் தீப்பிடித்தாலும் மற்ற இடம் தப்ப வேண்டுமே, அதற்காக வைத்தது. அதையே நாடகத்துக்கும் வைத்தார். ராஜாவுக்குத் தனி ஒத்திகை, ராணிக்குத் தனி ஒத்திகை. ஆர்மோனியக்காரர் வாசிக்க மட்டும்தான் வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு மாத்தாள். ராஜபார்ட்டுக்கு மாத்தாளாக, வெடிமருந்து கலக்குகிறவரைப் போட்டார். அவர் எனக்கு அண்ணன் முறை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்கு மாத்தாள் போட்டுட்டாக."

"உங்களுக்குத்தான போட்டாக? எனக்குப் போட்டாத்தான் அது சக்களத்தி" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கேலி பண்ணாத புள்ள. ராசா உசுரோட இருக்கையில இன்னொரு ராசாவக் கொண்டாந்து நிப்பாட்டினா அது எப்படி வெளங்கும்?"

பலகையில் எழுதியபடி தினமும் வேலை விட்டதும் முழுத் தொண்டையில் பாட வேண்டும். மானேஜர் எதிரே நின்று கேட்பார். "தொண்டைய அன்னைக்கின்னு சேத்து வைக்கணும்யா" என்று ஆர்மோனியக்காரர் சொல்லிப் பார்த்தார். "சரக்க வெடிச்சுப் பாக்காம லோடு ஏத்துவோமா?" என்றார் மானேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வெடித்துப் பார்த்த சரக்கை யாரும் லோடு ஏற்றுவதில்லை என்று எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன செய்ய?

பொங்கலன்று அரை நாள் வேலை இருந்தது. வடக்கே போக வேண்டிய லோடு ஒன்றில் கொஞ்சம் பாக்கி, அதை முடிக்கச் சிலர் மட்டும் சாயங்காலம் வரை இருக்க வேண்டும். மத்தியானம் கடைசி ஒத்திகை வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பாட்டில் மேலே ஏறியதும் குரல் கிழிந்தது. மறுபடி பாடச் சொன்னார்கள், மறுபடியும் கிழிந்தது.

"நான் தாங்கிக்கிடுதேன்யா. அவரு வாயசைக்கட்டும்" என்றார் ஆர்மோனியக்காரர்.

"உங்க வேலை வாசிக்கிறது. பெறகு மாத்தாள் எதுக்கு வச்சிருக்கோம்?" என்றார் மானேஜர்.

அண்ணன் மேடைக்குப் போய்விட்டால் மருந்து அறைக்கு ஆள் வேண்டும். மானேஜர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அவன் எடத்துக்கு நீ போ" என்றார். அவர் பலகையில் எல்லாம் சரியாகிவிட்டது. மருந்து கலக்குவதற்கு மெதுவான கை வேண்டும், பூவைத் தொடுகிற மாதிரி. குழாய் உருட்டுகிற கை அழுத்தி அழுத்திப் பழகிய கை. "நானே கலந்து வச்சுட்டு ஓடியாந்துருதேன்யா" என்று அண்ணன் கெஞ்சியிருக்கிறார். அரிதாரம் பூச நேரமாகிறது என்று அவரை விரட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மருந்து அறைப் பக்கம் நடந்ததை நான் லேபிள் அறை வாசலில் இருந்து பார்த்தேன். கூப்பிடலாமா என்று நினைத்தேன். இந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் என் மேல் எரிந்து விழுவார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தபோது வேட்டுப் போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வேட்டுக்கா பஞ்சம்? அந்தச் சத்தத்தோடு கம்பெனிப் பக்கமும் ஒரு சத்தம் கேட்டது. புதுச் சரக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாடகம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. என் பக்கத்தில் அவருக்கென்று முந்தானையை விரித்து இடம் போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. ரோசம் பிடித்துக்கொண்டு எங்கேயோ சுருண்டு கிடக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். ஊரே பார்க்கிறது, பெண்டாட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், வந்து எட்டிப் பார்த்தால் என்ன? அண்ணன் நன்றாகத்தான் பாடினார். காட்டில் ராணியைப் பிரிகிற இடத்தில் புஞ்சைக்காரர் வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன், பாட்டு முடிந்ததும் கை தட்டினேன். வராத மனிதருக்கு இது கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே தட்டினேன். மானேஜர் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். நாடகம் நல்லபடி நடக்கிற பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

மங்களம் பாடி முடித்த பிறகுதான் மானேஜர் என்னிடம் வந்தார். மருந்து அறையில் தீப்பிடித்தது, சிவகாசி ஆஸ்பத்திரிக்கு லோடு லாரியிலேயே அனுப்பிவிட்டோம், உயிர் இருக்கிறது என்றார்.

"எப்பம்?"

"சாயங்காலம். சொன்னா நாடகம் நின்னு போகும்மா. நீ போயி என்ன செய்யப் போற, டாக்டர் பாத்துக்கிடுவாருன்னுதான்..."

அங்கேயே குனிந்து மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றினேன். அதற்கு அவர் மாத்தாள் வைத்திருக்கவில்லை போலிருக்கிறது, கண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றார். அண்ணன் அரிதாரத்தைக் கழுவாமல், ராஜா உடுப்போடு என் பின்னால் ஓடிவந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து நின்ற லாரியில் ஏறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் வீட்டுக்காரரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் என்றார்கள். சாயங்காலம் முழுக்க நினைவு இருந்ததாம். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் "எம் பொஞ்சாதியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதைச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரர் நல்ல மனிதர், வயதானவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீ ஊருல இல்லையா தாயி?" என்று கேட்டார்.

நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஆமாய்யா, வெளியூரு போயிருந்தேன்" என்றேன்.