கோலப்ப பிள்ளையின் நாலாம் பக்கம்

நாரத்தை முள்ளை உப்புத்தாளில் உருட்டி உருட்டிக் கூராக்குகிறார் கோலப்ப பிள்ளை. சண்டை வந்த பிறகு, சாலைக் கடைத்தெரு முழுக்க அலைந்தாலும் கிராமபோனுக்கு எஃகு ஊசி கிடைப்பதில்லை. முள் தட்டின் ஒரு பக்கத்துக்குத் தாங்கும்.

அவரிடம் இருப்பவை மூன்றே இசைத்தட்டுகள். ஆறு பக்கமும் சேர்ந்து ஒரே உருப்படி. சென்ற நூற்றாண்டில் ஒரு ஜெர்மன்காரர் பியானோவுக்கும், பெரிய பிடில் போன்ற செல்லோவுக்குமாக எழுதியது. மராமத்து இலாகாவில் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர், கப்பலேறும்போது பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். பதினாலு வருஷமாக மாலை ஐந்து மணிக்கு அதைத்தான் கேட்கிறார்.

"நம்ம பயலுவ ஜெர்மன்காரங்கூட சண்டைக்குப் போயிருக்கானுவ. நீரு அவம் பாட்டுக்குத் தலையாட்டுதீரு" என்பார் அடுத்த வீட்டுச் சுவாமிதாஸ்.

"அந்த ஆளு செத்து அம்பது வருசமாச்சு வே" என்பார் பிள்ளை.

தட்டை வேறு யாரும் தொடக்கூடாது. மனைவி நீலாம்பாள் தூசி துடைக்கப் போனாலும், "நீ தொடாத, கேட்டியா" என்று குரல் வரும்.

இப்போது தம் கையைக் கண்டே அவருக்குப் பயம். மடியில் கிடக்கும்போது அடங்கியிருக்கும் கை, ஒரு காரியத்துக்கு நீட்டினால் நடுங்குகிறது. வயதானவர்களில் சிலருக்கு வருவதுதான். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தினமும் காலையில் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கூடத்தில் நடந்து, எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று தரையைக் குனிந்து பார்க்கிறார். சவரத்தை நாவிதரிடம் விட்டாயிற்று. ஆள் வந்தால் கை துண்டுக்குள் போய்விடும்.

போன வாரம் மூன்றாம் பக்கத்தில் முள் சறுக்கிக் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. இனி அதில் சுற்றுக்கு ஒரு 'டொக்'. அதே தட்டின் மறுபுறம்தான் நாலாம் பக்கம். பியானோ ஒதுங்கி வழிவிட, செல்லோ வாயை மூடிக்கொண்டு தனக்குள் பேசுவதுபோல் முனகும் இடம். அதிலும் கோடு விழுந்தால் வேறு தட்டுக்கு வழியில்லை. எட்டு நாளாகப் பெட்டியைத் திறக்கிறார், சாவி கொடுக்கிறார், தட்டைச் சுழல விடுகிறார், நிறுத்திவிடுகிறார்.

நேற்று முள்ளைப் பொருத்தவே மூன்று தரம் ஆயிற்று. சுழலும் தட்டுக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்று ஆடியது. நெற்றியில் வேர்வை. நீலாம்பாள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து, விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்க. அஞ்சு பிள்ளையளுக்குக் கண்ணுல மை இட்ட கை இது. ஒரு கண்ணையும் குத்தினதில்ல."

அவர் விட்டார். "சூட்சிச்சு, பாத்து..." என்றார். பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் பாரமாக அழுந்தி உட்கார்ந்துகொண்டார்.