வாசித்த பிறகே நகல் எடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, பரமத்தி வேலூர் தாலுகா ஆபீஸ் எதிரே எங்கள் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாவாயி அக்காவின் மகள் கௌசல்யா போனில் கூப்பிட்டாள். "அம்மா போயிட்டாங்க அக்கா," என்று மட்டும் சொன்னாள். சிறிது நேரத்தில் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி வந்தது. 'ஜெராக்ஸ் கடை பாவாயி காலமானார்' என்று ஒரு வரி. அதன் கீழே ஒருவர், 'அந்த அரைகுறை இங்கிலீஷ் அம்மாவா?' என்று கேட்டிருந்தார்.

ஆமாம், அவரேதான். அவரைத் தெரியாதவர்களுக்கும், தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பாவாயி அக்கா எட்டாம் வகுப்போடு எடப்பாடியில் தறி வேலைக்குப் போனவர். கணவர் இறந்த பின் மகள் கௌசல்யாவுடன் பரமத்தி வேலூருக்கு வந்து, ஒரு டைப்பிங் கடையில் ஜெராக்ஸ் போடும் வேலையில் சேர்ந்தார். அங்கே நான் டைப்பிஸ்ட். பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். அக்காவைவிட வயதில் ஏழு ஆண்டு இளையவள், திமிரில் மூத்தவள்.

மெஷினுக்குள் போகும் காகிதங்களில் தெரியாத ஆங்கிலச் சொல்லைக் கண்டால் அக்கா அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு அதே ஓசையில் முடியும் சொற்களைத் தேடி அதன் கீழே வரிசையாக எழுதுவார். லேண்ட், நிலம். ஹேண்ட், கை. சாண்ட், மணல். ஸ்டாண்ட், நில். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் இருந்தாக வேண்டும். பொருள் தெரியாத சொல்லை நோட்டில் சேர்க்க மாட்டார்.

"வாலு ஒண்ணாவே இருக்குதில்ல, தலையை மட்டும் நெனப்பு வெச்சுக்கிட்டாப் போதும்," என்பார்.

'ஃபூட்' (food), 'குட்' (good) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, எழுத்து ஒன்றாக இருந்தும் ஓசை ஏன் ஒட்டவில்லை என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாகச் சிரித்தேன். குழந்தைப் பாட்டுப் புத்தகம் எழுதுகிறீர்களா என்று கேலியும் செய்தேன். அக்கா கோபப்படவில்லை. இரண்டு சொற்களையும் அடித்துவிட்டுத் தனித்தனிப் பக்கத்தில் எழுதினார்.

பிறகு ஒருநாள் நில ஏஜென்ட் ஒருவர் வந்தார். ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த நான்கு விவசாயிகளைக் கூடவே அழைத்து வந்திருந்தார். ஒரு கம்பெனிக்குக் குடோன் கட்ட அவர்கள் நிலத்தைப் பத்து வருடம் லீஸுக்கு எடுக்கிறார்களாம். ஆங்கிலத்தில் எழுதிவந்த ஐந்து பக்கத்தை நான் மளமளவென்று அடித்துக் கொடுத்தேன். அக்கா நகல் எடுத்தார். மூன்றாம் பக்கம் வெளியே வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"மேல லீஸ்னு போட்டிருக்குதுங்க. இங்க உள்ளார ரிலீஸ்னு இருக்குதே," என்றார்.

விவசாயிகளில் மூத்தவர், "ரிலீஸ்னா படம் வாரதுதானுங்களே?" என்று கேட்டார்.

"அதுவுந்தானுங்க. ஆனா இங்க, உங்க உரிமையை விட்டுத்தாரதுங்க."

ஜெராக்ஸ் போடுகிறவர் ஜெராக்ஸ் மட்டும் போட்டால் போதும் என்றார் ஏஜென்ட். கடை முதலாளியும் அதட்டினார். அக்கா காகிதத்தைக் கொடுக்கவில்லை. என் மேசைக்கு வந்து அந்தப் பக்கத்தை நீட்டினார்.

"விமலா, எனக்கு ஒரு சொல்லுதான் தெரியும். முழுசும் படிக்கத் தெரிஞ்சவ நீ. படிச்சுச் சொல்லு."

நானே அடித்த பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். பத்து வருடத்துக்குப் பிறகு நிலத்தின் மீதான எல்லா உரிமையையும் கம்பெனிக்கே விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது. விரல்கள் அடித்திருந்தன, நான் வாசிக்கவில்லை. அக்கா சொல்வது சரி என்று விவசாயிகளிடம் சொன்னேன். மூத்தவர் எடுத்த பேனாவைச் சட்டைப்பையில் திருப்பிச் செருகிக்கொண்டார். நால்வரும் எழுந்து போனார்கள்.

அன்று மாலையே அக்காவுக்கு வேலை போயிற்று. மூன்றே மாதத்தில் எதிர்வரிசையில் பழைய மெஷின் ஒன்றோடு சொந்தக் கடை போட்டார். 'இங்கு வாசித்த பிறகே நகல் எடுக்கப்படும்' என்று பலகை எழுதச் சொன்னார். அதைக் கண்டு தெருவே சிரித்தது. பழைய இடத்தை விட்டு நான் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நான்கு கொடிக்கால்களிலும் இன்றுவரை வெற்றிலைதான் கிள்ளுகிறார்கள்.

போன மாதம் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. கட்டிலைச் சுற்றி நின்ற டாக்டர்கள் அக்காவின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பெரிய டாக்டர் திரும்பும்போது அக்கா கூப்பிட்டார்.

"சாமி, கியூர் இல்லைன்னு சொன்னீங்களே. ஷ்யூருங்களா?"

டாக்டர் நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோய் எதுவரை பரவியிருக்கிறது, எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதையெல்லாம் தமிழில் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க. நோவு என்னுதுதானுங்களே," என்றார்.

அரைகுறை என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. என் முழுமையான ஆங்கிலம் அன்று நான்கு குடும்பங்களின் நிலத்தைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டது. அவருடைய அரைகுறைதான் அதை மீட்டது.

புதன்கிழமை எடுத்தார்கள். தெருமுனையில் பெரியவர் ஒருவர், பெண்கள் இதற்கு மேல் வரக்கூடாது என்றார். கௌசல்யா நிற்காமல் நடந்தாள். நான் பின்னால் போனேன். தாலுகா ஆபீஸ் கூட்டும் பெண்களும், வெற்றிலை கிள்ளும் பெண்களும் எங்களோடு வந்தார்கள். ஆற்றங்கரை மயானத்தில் மகளே தீ வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்றார்கள். அவள் திரும்பி நின்று பார்த்தாள். நாங்களும் பார்த்தோம், தீ நன்றாகப் பற்றி எரியும்வரை.

போய் வாருங்கள் அக்கா. யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.